கழுத்து வரை ரோஸ்

ஜனவரி 3

உரக்கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு பூச்சிமருந்துப் படம் இருக்கிறது. மேலே இடம் நிறையக் கிடப்பதால், முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காரியங்களை எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது எடுத்துப் பார்த்தால் தெரிய வேண்டும்.

மூத்தவன் மகள் கிருத்திகா ஜெர்மனியில் நர்ஸ். அந்த ஊர்ப் பாஷையில் பரீட்சை எழுதி முதல் தடவையிலேயே பாஸ். அவள் தங்கை சுபிதா பல் டாக்டருக்கு மூன்றாவது வருஷம் படிக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இருக்கிற ஒன்பதும் நல்ல பல் என்றாள். மகள் வயிற்றுப் பேரன் செல்வமுருகன் போலீஸ் ஆள் எடுப்பில் ஓட்டத்தில் முதல். எழுத்துப் பரீட்சையில் போனது அவன் குற்றமில்லை, கேள்வித்தாள் அப்படி. அவனுடைய அக்காள் மகள் யாழிசைக்கு மூன்று வயது. மாறுவேடப் போட்டியில் மயில் வேஷம் போட்டு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியது தலைமையாசிரியர் வீட்டுக் குழந்தை. அதற்கு மேல் நான் ஒன்றும் எழுதவில்லை.

எல்லோருக்கும் மேலே இளையவன் மகன் பலவேசம். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அது போதாதென்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறான். இன்று கொரியரில் வந்தது. ‘கொக்கு முதல் கோட்டான் வரை: பறவைகளும் தமிழர் பண்பாடும்’. முந்நூற்று எண்பத்து நான்கு பக்கம். பொட்டல்குறிச்சியில் ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்த மாடத்தியின் பேரன் எழுதியது. தராசு இருந்தால் நிறுத்துப் பார்க்கலாம், ஒரு கிலோவுக்குக் குறையாது.

அட்டையில் பெயர் பால்வேந்தன் என்று போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயரைத்தான் இவனுக்கு வைத்தோம். பலவேசம் என்ற பெயரில் புத்தகம் எழுதினால் வாங்க மாட்டார்களாம். அவர் அந்தப் பெயரோடு நாற்பது வருஷம் பால் விற்றார், எல்லாரும் வாங்கினார்கள்.

பெயருக்குக் கீழே படம். நம் ஊர்க் குளத்துக் கரையில் ஒரு கொக்கு. உடம்பெல்லாம் ரோஸ், கழுத்துக்கு மேலே வெள்ளை. நெடுநேரம் பார்த்தேன். பிறகு புத்தகத்தைச் சாமி மாடத்தில் வைத்தேன், அட்டை சுவரைப் பார்க்கிற மாதிரி. தூசி படக்கூடாது அல்லவா.

ஜனவரி 4

சாயப்பொடி டப்பாவை அடுக்களையிலிருந்து எடுத்துத் தொழுவத்தில் வைக்கோலுக்குப் பின்னால் வைத்தேன். அடுக்களையில் அது எதற்கு.

ஜனவரி 9

தினம் நான்கு பக்கம் படிக்கிறேன். விரல் வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

சிட்டுக்குருவிக்கு இருபத்தாறு பக்கம். அது அழிந்துபோனதற்காக அழுதிருக்கிறான். படித்துக்கொண்டிருக்கும்போதே மேலே டியூப்லைட்டில் கூடு கட்டுகிற குருவி என் தலையில் வைக்கோலைப் போட்டது. குயிலுக்குப் பதினெட்டு. கறுப்பாக இருந்து கூவுவது ஆண், புள்ளி போட்டது பெட்டை என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் கண்டு சொன்னதாக எழுதியிருக்கிறான். என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆந்தைக்கு முப்பது. கோழிக்கு நாலே வரி. ‘கோழி வளர்ப்புப் பறவை என்பதால் இந்நூலின் எல்லைக்குள் வரவில்லை.’ இந்த வீட்டுக்கு வந்தால் குழம்பின் எல்லைக்குள் நன்றாக வருகிறது.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. இவ்வளவு எழுத யாரால் முடியும்.

வரிக்கோழி பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. வழக்கமாகச் செய்வதை இந்தத் தடவை செய்யவில்லை.

ஜனவரி 12

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் வந்தாள். என் வீட்டுக்காரர் வழியில் எனக்கு நாத்தனார் முறை.

“பேரன் புஸ்தகம் வந்துருக்காம்லா. எனக்குக் காட்ட மாட்டியளா மதினி?”

“கையத் தொடச்சிட்டு வா.”

முந்தானையில் துடைத்தாள். எடுத்து அட்டையைத் திருப்பினாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு தேவைக்கு மேலேயே தெரிகிறது.

“மதினி, இது நம்ம பேச்சி இல்லா?”

“எந்தப் பேச்சி?”

“கொக்குப் பேச்சி. கோழிக்குஞ்சோட சேத்து ரோசு சாயத்துல முக்குனியளே. நாந்தான காலப் புடிச்சேன்.”

“கொக்கு எல்லாம் ஒண்ணு போலத்தாம்ட்டி இருக்கும்.”

“ரோசுக் கொக்குமா?”

நான் ஆறு முட்டை கொடுத்தேன். கூழைக்கோழி முட்டை, பெரிசு. வாங்கிக்கொண்டு, தனக்குக் கண் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி எழுதுவதில் தப்பில்லை. போன தை மாதம் காற்றில் குளத்துக் கருவேல மரத்திலிருந்து ஒரு கொக்குக்குஞ்சு விழுந்தது. எடுத்து வந்து கோழிக்குஞ்சுகளோடு கூடையில் போட்டுக் கவிழ்த்தேன். பேச்சி என்று பெயர் வைத்தேன். கருவாடு போட்டால் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடும். நம் பக்கத்தில் குஞ்சுகளைச் சாயத்தில் முக்கிவிடுவது ஊருக்கே தெரிந்த காரியம். நிறம் மாறியிருந்தால் பருந்து கோழிக்குஞ்சு என்று எண்ணாமல் போய்விடும், பக்கத்து வீட்டுக் குஞ்சோடும் கலக்காது. தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்து வரை முக்க வேண்டும், கண்ணில் படக்கூடாது. எட்டுக் குஞ்சை முக்குகிற இடத்தில் ஒன்பதாவதை எப்படி விடுவது. முக்கினேன். அவ்வளவுதான் நடந்தது.

பங்குனியில் பறக்கத் தெரிந்துகொண்டது. பகலெல்லாம் குளத்தில் மற்றக் கொக்குகளோடு நிற்கும், சாயங்காலம் மாட்டுக்குப் பின்னாலேயே கருவாட்டுக்கு வந்துவிடும். சித்திரையில் கோயில் கொடைக்கு வந்த பலவேசம் கேமராவோடு குளத்துப் பக்கம் போனான். போனவன் ஒரு செருப்போடு ஓடி வந்தான்.

“ஆச்சி, உலகத்துலயே இல்லாத ஒண்ணப் பாத்துட்டேன்.”

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. இரண்டு நாளில் போக வந்தவன் ஒன்பது நாள் இருந்தான். அதற்கு முன்னால் நாலு வருஷத்தில் இரண்டு தடவை வந்தவன், அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் ஐந்து தடவை வந்தான். அது என்ன என்று அவன் என்னைக் கேட்கவே இல்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்வது.

ஜனவரி 15

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது.

ஜனவரி 18

ஒன்பதாவது அத்தியாயம் வந்துவிட்டேன். ‘செங்கொக்கு: தமிழ் மண் மறைத்து வைத்த சிவப்பு’.

‘கழுத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே செம்மை, மேலே வெண்மை. இந்தக் கோட்டை எந்தத் தூரிகை இட்டது?’ என்று கேட்டிருக்கிறான். தூரிகை இல்லை, நான் சாயம் கலக்குகிற ஈயப் போசி. விளிம்பு நெளிந்தது, அதனால்தான் இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்துக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கிறான், சூரியன் அந்தப் பக்கம் உதிப்பதாக.

‘மனிதரைக் கண்டு அஞ்சாமல் கால்நடைகளின் பின்னே ஊருக்குள் வருகிறது. ஈராயிரம் ஆண்டு உறவின் நினைவு அதன் இரத்தத்தில் உள்ளது.’ கருவாட்டின் நினைவு வயிற்றில் இருந்தது.

பழைய பாட்டு ஒன்றில் கொக்கின் முதுகு சிவந்தது என்று வருகிறதாம். அந்தி வெயில் பட்டதால் அப்படி என்று இதுவரை எல்லாப் புலவர்களும் பொருள் சொன்னார்களாம். இல்லை, அது செங்கொக்குத்தான் என்று என் பேரன் நிறுவியிருக்கிறான். முன்னுரை எழுதிய பேராசிரியர் அருமைநாதனார் இதற்காக அவனை ‘பறவையியலின் விடிவெள்ளி’ என்று சொல்லியிருக்கிறார்.

ஆடிக்குப் பிறகு செங்கொக்கு எங்கோ தொலைதேசம் போய்விடுகிறது என்று அத்தியாயத்தை முடித்திருக்கிறான். ஆடியில் பேச்சிக்கு இறகு உதிர்ந்து புது இறகு முளைத்தது, வெள்ளையாக. தொலைதேசமெல்லாம் போகவில்லை. இதை எழுதும்போது தொழுவத்தில் சிவலைப் பசுவின் முதுகில் நிற்கிறது.

பருந்து இரண்டு குஞ்சைத் தூக்கிவிட்டது. பத்து.

ஜனவரி 22

தென்கரைத் தமிழ்ப் பேரவை பலவேசத்தின் புத்தகத்துக்கு இந்த வருஷத்துப் பரிசைக் கொடுத்திருக்கிறது. இயற்கை அறிவியல் பிரிவில். பிப்ரவரி பதினாலாம் தேதி நம் குளத்தங்கரையிலேயே விழா. செங்கொக்கு பார்த்துக்கொண்டிருக்க அதைக் கண்டவனுக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று அருமைநாதனார் விரும்புகிறாராம்.

ஊரெல்லாம் சொன்னேன். தெற்குத் தெருவில் சொல்ல விட்டுப்போயிற்று என்று மறுபடி போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 24

பஞ்சாயத்து பிரசிடெண்ட் வீட்டுக்காரர் கொம்பையா வந்தார். பிரசிடெண்ட் அவர் மனைவி. கையெழுத்து அவள் போடுவாள், பேச்சு எல்லாம் இவர்.

“பெரியம்மா, பஸ் ஸ்டாப்புல ஒரு செல வைக்கப்போறோம். ஏழடி. சிமெண்டு. ஊருக்குள்ள வாரவன் கண்ணுல முதல்ல செங்கொக்குதான் படணும்.”

“எதுக்குய்யா அவ்ளோ பெரிசு.”

“இனிமே டூரிஸ்டு வருவான்லா. ரோட்டப் போட்டுத் தாங்கன்னு பதினோரு வருசமா மனு குடுத்தோம், ஒருத்தன் திரும்பிப் பாக்கல. கொக்கு நிறம் மாறின ஒடனே கலெக்டர் ஆபீஸ்லேருந்து போன் வருது.”

அவர் கூட்டி வந்த பெயிண்டர், ரோஸில் எந்த ரோஸ் என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். கோழிக்குப் போடுகிற சாயம் மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அளவெடுக்கப் போய்விட்டார். விவரமான ஆள். அவரிடம் யாரும் முன்னுரை கேட்கவில்லை.

ஜனவரி 26

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். பத்துப் பிள்ளைகள் ரோஸ் காகிதம் சுற்றிக்கொண்டு கொக்கு நடனம் ஆடின. கழுத்துக்கு மேலே பவுடர்.

இரவு பலவேசம் போன் பண்ணினான்.

“ஆச்சி, செங்கொக்கு வந்துட்டா? ஆடியில போனது இந்நேரம் திரும்பி வந்துருக்கணுமே.”

“நான் எங்கய்யா குளத்துப் பக்கம் போறேன்.”

“கண்ணுல பட்டுச்சா, இல்லையா?”

“நேத்து சாயங்காலம் பட்ட மாதிரி இருந்துச்சு. வெயில்ல சரியாத் தெரியல.”

அவன் அந்தப் பக்கம் ஒரு சத்தம் போட்டான், சின்னப் பிள்ளையில் மாம்பழம் கண்டால் போடுகிற சத்தம். பிறகு சொன்னான்: “அப்பம் முடிவு பண்ணிட்டேன் ஆச்சி. வேலைய விட்டுருதேன். அடுத்த புஸ்தகம் செங்கொக்கு மட்டும்தான். மூணு வருசம் அது பின்னாலேயே போகப்போறேன். பரிசு வாங்குற அன்னைக்கி மேடையிலேருந்தே கம்பெனிக்கு லெட்டர் அனுப்பிருவேன்.”

“மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்லாய்யா.”

“அது சம்பளம் ஆச்சி. இது வாழ்க்க.”

மருமகளிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். அம்மாவுக்குப் புரியாது, உங்களுக்குத்தான் புரியும் என்றான். எனக்குப் புரிந்ததுதான் சங்கடம்.

ஜனவரி 27

இன்று ஒன்றும் எழுதுவதற்கில்லை. எட்டுக் குஞ்சு.

பிப்ரவரி 3

செல்லத்தாய் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்: “இதுக்குப் போயி ஏன் மதினி மொகத்த இப்படி வச்சிருக்கிய. இன்னொரு தடவ புடிச்சு முக்கிருவோம்.”

“என்னத்த?”

“கொக்கத்தான்.”

அவளுக்கு நான் நன்றாக எடுத்துச் சொன்னேன். ஒரு தடவை நடந்தது தெரியாமல் நடந்தது, அறிவாளிகள் கூடுகிற இடத்தில் தெரிந்தே செய்வது மோசடி, வயதான காலத்தில் இந்தப் புத்தி நமக்கு வேண்டாம் என்று அரை மணி நேரம் பேசினேன். அவள் கீரையை உருவி முடித்துவிட்டு, பேச்சிக்கு உங்களைத் தெரியும், மடியிலேயே வந்து உட்காரும், பிடிப்பது சுலபம் என்றாள்.

பிப்ரவரி 5

பேச்சியைப் பிடிப்பது சுலபமில்லை. குஞ்சாக இருந்தபோது கொத்தாத கொக்கு, போசியைக் கண்டதும் கொத்துகிறது. செல்லத்தாயின் புதுச் சேலை முழுக்கச் சாயம். என் இரண்டு கையும் முழங்கை வரை ரோஸ். பால் வாங்க வந்தவர்களிடம் மருதாணி என்று சொன்னேன். எழுபத்தாறு வயதில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மரியாதையான ஊர்.

பேச்சி பனைமரத்து மட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பழையபடி வெள்ளையாக.

பிப்ரவரி 9

ஆறு குஞ்சு. தாய்க்கோழி கத்துகிறது. கையில் டப்பாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். விழாவுக்கு வருகிறவர்கள் இந்த வீட்டில்தான் சாப்பிடப்போகிறார்கள். முற்றத்தில் ரோஸ் குஞ்சு ஓடினால் நன்றாகவா இருக்கும். ஐந்து நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று தாய்க்கோழிக்குச் சொன்னேன்.

பிப்ரவரி 13

பலவேசம் வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். நல்ல ஜிப்பா. குளிப்பதற்கு முன்னால் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

“எங்க பாத்திய ஆச்சி?”

“அந்தா, அந்த மடைப்பக்கம்.”

சொன்னது நான்தான். கை தானாக நீண்டுவிட்டது.

போனில் கம்பெனிக்கு எழுதி வைத்திருக்கிற ராஜினாமாவை எனக்குப் படித்துக் காட்டினான். இங்கிலீஷ். ஒரு பொத்தானை அமுக்கினால் போய்விடுமாம். அவ்வளவு வருஷம் படித்து வாங்கிய வேலை ஒரு பொத்தானில் போகும் என்று நான் நினைக்கவில்லை.

பிப்ரவரி 14

இன்று நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கே வேனில் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். எல்லோர் கழுத்திலும் பைனாகுலர். அருமைநாதனார் நல்ல உயரம், வெள்ளை வேட்டி, பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். ஒன்பது மணி வரை குளத்தைப் பார்த்தார்கள். இருநூறு கொக்கு இருக்கும், எல்லாம் வெள்ளை. ஒரு கொக்கு கரையோரமாக நடந்து அருமைநாதனார் பக்கத்தில் வந்து நின்றது. பேச்சிதான். யாரைக் கண்டாலும் கருவாடு கொடுப்பார்கள் என்று அதற்கு நினைப்பு. “ச்சூ, போ. மறைக்காதே” என்று குடையால் விரட்டினார்.

பத்து மணிக்கு எல்லோரும் இட்லி சாப்பிட எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். பலவேசத்துக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. அருமைநாதனார் அவன் தோளைத் தட்டினார்.

“கவலற்க தம்பி. கண்ணுக்குத் தெரிவது அறிவியல். தெரியாதிருப்பதே ஆய்வு. செங்கொக்கு இன்று நம்மைச் சோதிக்கிறது.”

“எனக்குச் சந்தேகமே இல்லைங்கய்யா. எங்க ஆச்சியே போன மாசம் பாத்துருக்காவ.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்னி ஊற்றினேன்.

“அப்புறம் என்ன. மூதாட்டியின் சான்று போதும்” என்றார் அவர். “விழாவைத் தொடங்கிவிடுவோம். உங்கள் துணிவான முடிவையும் மேடையிலேயே அறிவித்துவிடுங்கள்.”

“மேடை எதுக்குங்கய்யா, நல்ல நேரம் போயிரும். இப்பமே அனுப்பிருதேன்.” பலவேசம் ஜிப்பாவிலிருந்து போனை எடுத்தான்.

அந்த நேரத்தில்தான் பருந்து இறங்கியது. முருங்கைக்கு மேலாக வந்து, தாய்க்கோழியைத் தள்ளிவிட்டு, ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பதினாலு பேரும் இட்லியோடு எழுந்து நின்றார்கள்.

“என்ன கம்பீரம்” என்றார் அருமைநாதனார். ஒருவர் கை தட்டினார். பலவேசம் ராஜினாமாவை விட்டுவிட்டு அதே போனில் பருந்தைப் படம் எடுத்தான். “இறக்கையப் பாருங்கய்யா, செம்பு நிறம்” என்றான். குஞ்சு கத்திக்கொண்டே போனது அவன் காதில் விழவில்லை. பருந்து புத்தகத்தில் இருக்கிறது, குஞ்சு எல்லைக்குள் வராது.

எனக்கு வந்த கோபம் குஞ்சுக்காகத்தான். இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். வேறெதையும் மனதில் வைத்து நான் செய்யவில்லை.

தொழுவத்துக்குப் போய் டப்பாவை எடுத்தேன். ஈயப் போசியில் வெந்நீர் ஊற்றிப் பொடியைக் கலக்கினேன். முற்றத்துக்கு நடுவில், எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு குஞ்சைப் பிடித்தேன். தலையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு கழுத்து வரை முக்கி எடுத்துத் தரையில் விட்டேன். அது உதறிக்கொண்டு ஓடி, பலவேசத்தின் காலடியில் போய் நின்றது. உடம்பெல்லாம் ரோஸ், கழுத்துக்கு மேலே மஞ்சள். இடது பக்கம் கோடு கொஞ்சம் ஏறியிருந்தது.

பலவேசம் குனிந்து பார்த்தான். நிமிரவே இல்லை. நான் இரண்டாவது குஞ்சை முக்கினேன். மூன்றாவதையும் முக்கினேன்.

“ஆச்சி.”

“ம்.”

“அதுவுமா?”

“எறகு மொளச்ச பொறவு ரெண்டாந் தடவயும் முக்குனேன்யா. மொதத் தடவ ஒட்டல.”

அவன் போனை ஜிப்பாவுக்குள் வைத்துக்கொண்டான். பொத்தானை அமுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பிறகு அருமைநாதனார் கண்ணைத் திறந்தார். அவருக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் நிற்கத் தெரியும்.

“புள்ளினத்திற்குச் சாயமிடும் தமிழர் மரபு” என்றார். “இதை எவருமே பதிவு செய்ததில்லை. அம்மா, இவ்வழக்கம் எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறது?”

“சந்தையில பாக்கெட்டு வந்த நாள்லேருந்து இருக்குய்யா.”

அவர் அதை எழுதிக்கொண்டார். ஆயிரம் என்று எழுதினாரா, பாக்கெட் என்று எழுதினாரா தெரியாது.

செல்லத்தாய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “காலப் புடிச்சது நாந்தான்” என்று சொன்னாள். அவளுக்கு எதிலாவது பெயர் வர வேண்டும்.

விழா நடக்கவில்லை. வேன் போயிற்று. பலவேசம் பையை எடுத்தான்.

“சாப்பிட்டுட்டுப் போய்யா. கோழி அடிச்சு வச்சிருக்கேன்.”

“பசிக்கல ஆச்சி.”

“எப்பம் வருவ?”

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு வெகுநேரம் ஆயிற்று. “சித்திரையிலயே சொல்லிருக்கலாம்லா” என்றான். நீ ஒன்பது நாள் இருந்தாயே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதை டைரியில்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 15

ஐந்து குஞ்சும் இருக்கின்றன.

பிப்ரவரி 21

கொம்பையா வந்தார். சிலையை எடுத்துவிடப்போகிறாரோ என்று பார்த்தேன்.

“எடுக்க முடியாது பெரியம்மா. செலைக்கிப் பணம் ஒதுக்கியாச்சி, பஸ் ஸ்டாப்புக்குச் செங்கொக்கு நிறுத்தம்னு பேரும் எழுதிப் போயாச்சி. ரோடு போட ஜல்லி வந்து எறங்கிட்டு. இப்பம் போயி அது சாயம்னு சொன்னா ஜல்லிய அள்ளிட்டுப் போயிருவான். நீங்க இனிமே குஞ்ச வீட்டுக்குள்ள வச்சு முக்குங்க.”

பேரவையும் பரிசைத் திரும்ப வாங்கவில்லையாம். பணமும் கேடயமும் தயாராகிவிட்டதால், அருமைநாதனார் யோசனைப்படி, புத்தகத்தை அறிவியல் பிரிவிலிருந்து எடுத்து நாவல் பிரிவில் வைத்துவிட்டார்களாம். அங்கேயும் அதுதான் முதலில் வந்ததாம். எப்படிப் பார்த்தாலும் என் பேரன் முதல். தெற்குத் தெருவில் சொல்லிவிட்டு வந்தேன். முன்னைப் போல நெடுநேரம் நிற்கவில்லை.

பிப்ரவரி 28

மருமகள் போன் பண்ணினாள். பலவேசம் தினமும் ஆபீசுக்குப் போகிறானாம். நன்றாகச் சாப்பிடுகிறானாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று நான் கேட்கவில்லை. அவள் தானாகவே, அவனுக்கு வேலை அதிகம் அத்தை என்றாள்.

மார்ச் 4

போன் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று மாடிப்படியில் நின்று பார்த்தேன். செல்லத்தாயைப் பண்ணச் சொன்னேன், அவளுடையது வந்தது.

மார்ச் 9

போன் பண்ணினால் எடுக்க மாட்டான், எடுத்தாலும் எனக்குப் பேச வராது. கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எய்யா பலவேசம்,

நலம். நீ நலமா. ரோடு போட்டுவிட்டார்கள், தெற்குத் தெரு வரைக்கும். ஐந்து குஞ்சும் இறகு மாறிவிட்டன. உன் புத்தகத்தை முடித்துவிட்டேன். ஆந்தையைப் பற்றி எழுதியது நன்றாக இருக்கிறது. ஒன்பதாவது அத்தியாயம் தவிர மற்றதெல்லாம் நீ உன் கண்ணால் பார்த்தது என்று தெரிகிறது. அடுத்த தடவை எழுதும்போது கோழியையும் சேர்த்துக்கொள், நான் சொல்லுகிறேன், இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லுகிறேன்.

நீ இனிமேல் வர மாட்டாய் என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், நீ வரவுமில்லை. எப்படிச் செய்தாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றிருக்கிறேன். ஆனால் வேலையை விடாமல் இருக்கிறாயே, அது போதும்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் உன் படம் இருக்கிறது. குளத்துக் கரையில் நின்று பல் தெரியச் சிரிக்கிறாய். சிறு பிள்ளையில்கூட நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை வெட்டிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று டவுனில் சட்டம்கூட வாங்கிவிட்டேன். மாட்டப் போனால் மனசு வரவில்லை. அந்தச் சிரிப்பு நான் போசியில் கலக்கியது. அதைத் தினமும் காலையில் எழுந்து பார்க்க என்னால் முடியாது.

சட்டம் சும்மா இருக்கிறது. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. சிரிக்க வேண்டும் என்றில்லை.